முதல் தோசை முப்பது காசு

உலகம் முழுக்க விலைவாசி ஏறிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கில் மட்டும் அது ஏறவே இல்லை. இந்த அதிசயம் விலை நிதான வாரியத்துக்குத் தெரிந்திருந்தது. வாரியத்தின் அறிக்கையைப் படித்த வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தவர்கள் புலாவ் செபாங்கில் குடியிருந்தவர்கள் மட்டும்தான். அவர்கள் பாட்டுக்கு வாராவாரம் பசாருக்குப் போய், வெங்காயத்தின் விலையைக் கேட்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கேட்டதில் பாதியை வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். படிப்பறிவு பற்றாவிட்டால் இப்படித்தான்.

அதிசயம் நடந்த இடம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஓர் ஒட்டுக்கடை. நாலு கம்பு, மேலே தகரம், முன்னால் ஒரு நீளப் பலகை. கடையை நடத்தியவள் கமலவேணி, ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தம்புசாமியின் மனைவி. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லாவிட்டால் சம்பளமில்லை என்பது தோட்டத்துச் சட்டம். வானத்தைப் பார்த்துக் குடும்பம் நடத்த முடியாமல்தான் அவள் காதிலிருந்த தோட்டைக் கழற்றி விற்றுத் தோசைக்கல் வாங்கினாள். பிறகு அந்தக் கல்தான் அவளுக்குத் தோடு, தாலி, வங்கிக் கணக்கு எல்லாம்.

வாய் கொஞ்சம் நீளம். பாக்கி சொல்கிறவனைத் திட்டியே ரயில் ஏற்றிவிடுவாள். ஆனால் முதல் போணி என்றால் மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். வியாபாரம் செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் முதன்முதலாக வருகிற கையைத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்தக் கை எதை நீட்டுகிறதோ அதை வாங்கி, கண்ணில் ஒற்றி, முருகன் படத்துக்கு முன்னாலிருக்கும் டப்பாவில் போட வேண்டும். போணியிடம் பேரம் பேசினாலோ முகத்தைச் சுளித்தாலோ அன்றைக்கு மாவு வாளியோடு வீட்டுக்குத்தான் திரும்பும். கமலவேணி கடவுளிடம்கூட ஒன்றிரண்டு தடவை பேரம் பேசியிருக்கிறாள். போணியிடம் பேசியதில்லை.

விலை நிதான வாரியம் என்பது மலாக்கா டவுனில் ஏழாவது மாடியில் இருந்தது. வளரும் நாட்டில் விலைவாசி ஏறினால் பொருளாதாரம் வளருமா, அல்லது பொருளாதாரம் வளர்ந்தால் விலைவாசி ஏறுமா என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. கோழி முதலா முட்டை முதலா என்கிற கேள்விதான். கோழியும் முட்டையும் வாரியத்தின் மதியச் சாப்பாட்டில் ஒழுங்காக வந்துபோய்க்கொண்டிருந்தன. விடை மட்டும் வரவில்லை.

அந்த நிலைமையில்தான் டாக்டர் பால்ராஜ் இயக்குநராக வந்தார். செர்காமில் வாத்தியார் மகனாகப் பிறந்து இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் ஆட்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதை அவர் ஆங்கிலத்தில் நானூறு பக்கத்துக்கு எழுதி டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். வந்த முதல் கூட்டத்திலேயே, ஊர் ஊராகப் போய் நூறு சாமான்களின் விலையை எடுப்பதெல்லாம் காட்டுமிராண்டிக் காலத்து முறை என்றார். ஒரு தோசைக்குள் அரிசி இருக்கிறது, உளுந்து இருக்கிறது, சட்னியில் தேங்காய் இருக்கிறது, அடுப்பில் கேஸ் இருக்கிறது, சுடுகிறவளின் கூலி இருக்கிறது. ஆகவே தோசை விலை ஏறவில்லை என்றால் உலகத்தில் எதுவுமே ஏறவில்லை. மாவட்டத்துக்கு ஒரு தோசை போதும்.

அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பு இதைவிட ஆழமானது. வியாபாரியிடம் விலை என்ன என்று கேட்கவே கூடாது. கேட்டால் பொய் சொல்வான். காசை வை, பேசாமல் நில். மறுக்காமல் எடுத்துக்கொண்டால் அதுவே விலை. மறுக்கப்படாத விலையே மெய்யான விலை என்கிற வாசகம் பொன்னெழுத்தில் சட்டம் போட்டு வாரியத்தின் மின்தூக்கிக்கு எதிரே மாட்டப்பட்டது. மின்தூக்கி அடிக்கடி நின்றுபோனதால் எல்லோரும் அதை நின்று படிக்க முடிந்தது.

புலாவ் செபாங் தோசைக்குப் புவனேந்திரன் என்கிற கள அதிகாரி நியமிக்கப்பட்டான். பக்கத்து ஊரான தம்பினில் வீடு. நல்ல பிள்ளை, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பேனா. அரசாங்க வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட்டால் மீதிப் பொழுதில் இன்சூரன்ஸ் விற்கலாம் என்பது அவனுடைய திட்டம். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று, கமலவேணி அடுப்பைப் பற்றவைத்துக் கல்லில் முதல் மாவை ஊற்றும்போதே அவன் மோட்டார் சைக்கிள் வந்து நின்றுவிடும்.

அவன் முதன்முதலாக வந்த நாளில் தோசை முப்பது காசு. மூன்று பத்துக் காசைப் பலகையில் வைத்தான். அவள் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கென்று சிரம்பான் ரயில் தாமதமாகி, பிளாட்பாரத்தில் இருந்த கூட்டமெல்லாம் கடைக்கு வந்து மாவைக் காலி செய்துவிட்டது. ரயில் தாமதமானதற்குக் காரணம் தண்டவாளத்தில் படுத்திருந்த மாடு. கமலவேணி அதை மாட்டின் கணக்கில் எழுதவில்லை. இந்தத் தம்பிக்குக் கைராசி என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு உளுந்து ஏறியது. கேஸ் சிலிண்டர் தோங் ஏறியது. தேங்காய் ஏறியதைப் பற்றித் தேங்காய்க்காரனே வெட்கப்பட்டான். அவள் தோசையை நாற்பதாக்கினாள், ஐம்பதாக்கினாள், கடைசியில் அறுபதில் வந்து நின்றாள். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் வழக்கமான ஆட்களிடம் அரை நாள் வருத்தம் தெரிவித்தாள். முதல் தேதி வருகிற கைராசிக்காரரிடம் மட்டும் ஏற்றவில்லை. அவன் பழைய ஞாபகத்தில் மூன்று பத்துக் காசை வைப்பான். போணியாச்சே, சொல்ல அவளுக்கு நா எழாது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவன் ஒரு தாளில் முப்பது என்று எழுதிக்கொண்டு, சட்னியை வழித்துத் தின்றுவிட்டு இன்சூரன்ஸ் விற்கப் போய்விடுவான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஏழாவது மாடியில் கோடு போட்ட தாளில் நாட்டின் வளர்ச்சி தென்னை மரம் மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது. புலாவ் செபாங்கின் விலைவாசி செத்த பாம்பு மாதிரி நீட்டிக் கிடந்தது. டாக்டர் பால்ராஜ் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்கிறார்கள். விலைவாசி ஏறாமலே வளரலாம். வளரும் நாடுகளெல்லாம் தேடிக்கொண்டிருந்த மருந்து தம்பினுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே கிடைத்துவிட்டது.

அவர் மாநாடுகளில் கட்டுரை படித்தார். வாரியத்துக்கு எட்டாவது மாடியும் கிடைத்தது. பல வளரும் நாடுகளிலிருந்து நிபுணர்கள் குளிர்சாதன பஸ்ஸில் வந்து இறங்கி, கமலவேணியின் தோசையை இன்ச் டேப்பால் அளந்து, சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஓட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கரண்டியைக் கேட்டு வாங்கி எடை பார்த்தார். யாரோ பெரிய ஆட்கள், பசியோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்த கமலவேணி எல்லோருக்கும் சுட்டுப் போட்டு, ஆளுக்கு அறுபது காசு வாங்கிக்கொண்டாள். மணி பத்துக்கு மேல் ஆகியிருந்தது, போணி எப்போதோ முடிந்துவிட்டது. வாரியம் மறுபேச்சில்லாமல் கொடுத்தது. செலவுக் கணக்கில் தோசை அறுபது காசு, ஆய்வுக் கணக்கில் முப்பது. செலவு ஏழாவது மாடியில், ஆய்வு எட்டாவது மாடியில். மின்தூக்கி வேறு வேலை செய்யவில்லை.

இதுவரைக்கும் நடந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. தொண்ணூற்று ஏழாம் வருஷம் ஏழாங்கட்டைத் தோட்டத்துச் சங்கம் சம்பள உயர்வு கேட்டுப் போனபோதுதான் நஷ்டம் யாருக்கு என்று தெரிந்தது. சங்கத்தின் செயலாளர் முனியாண்டி, தம்புசாமிக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறவர். பால்மாவு டவுனில் என்ன விலை, அரிசி என்ன விலை என்று அவர் வாயால் அடுக்கிக்கொண்டே போக, மேனேஜர் மேசைக்கடியிலிருந்து வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தார். வாரியத்தின் வெளியீடு. உங்கள் ஊரில் பல வருஷமாக விலையே ஏறவில்லையே, சம்பளம் எதற்கு ஏற வேண்டும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அட்டையில் ஒரு தோசையின் படம். ஓரத்தில் அதைத் திருப்பிப் போடுகிற கை. அந்தக் கையிலிருந்த பச்சைக் கண்ணாடி வளையலை முனியாண்டிக்கு அடையாளம் தெரிந்தது.

அவர் நேரே கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"வேணி, தோச என்னா வெல?"

"அறுவது. என்னாண்ணே, நேத்து தின்னது அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"புக்குல முப்பதுன்னு போட்டுருக்கான்லா. ஒன் தோசயக் காட்டித்தான் எங்க சம்பளத்த நிப்பாட்டிட்டானுங்க. தம்புசாமி சம்பளத்தையும் சேத்துத்தான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. முப்பதுக்கு யாரிடம் கொடுத்தோம் என்று யோசித்தாள். பிறகு விபூதி நெற்றி ஞாபகம் வந்தது, மூன்று பத்துக் காசு ஞாபகம் வந்தது. கரண்டி கையிலேயே நின்றது, கல்லில் கிடந்த தோசை கருகியது.

"அது போணிக் காசுண்ணே," என்றாள்.

முனியாண்டி திட்டத்தான் வந்திருந்தார். போணி என்று கேட்டதும் அவருக்கும் வாய் வரவில்லை. அவர் அம்மாவும் பசாரில் கீரை விற்றவள்தான். பலகையில் மெதுவாக உட்கார்ந்து, போணியைத் திருப்பியனுப்பச் சொல்லி யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் போணியில்தான் தோட்டமே முழுகிக்கொண்டிருக்கிறது என்றார்.

தோட்டத்துக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் கமலவேணி குடத்தோடு போனால் பேச்சு நின்றது. அவள் நகர்ந்ததும் இரண்டு மடங்காகத் தொடங்கியது. கவர்மெண்ட் ஆளுக்குத் தோசையை வாய்க்கரிசி மாதிரி போட்டு நம் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்றார்கள். தம்புசாமி அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் வெட்டுக்குப் போனான். அதுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

அடுத்த முதல் தேதி புவனேந்திரன் வந்தான், மூன்று பத்துக் காசை வைத்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். பழகிய கை அதற்குள் காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டது. ஒற்றின பிறகுதான் வாய் திறந்தது. தோசை இப்போது அறுபது காசு, பல வருஷமாகவே முப்பதில்லை என்றாள். அவன் பரிதாபமாகப் பார்த்தான். வாங்கிட்டீங்களே அக்கா என்றான். தனக்கு எழுத மட்டும்தான் அதிகாரம், அதை மாற்றுவதெல்லாம் எட்டாவது மாடி என்றும் சொன்னான். போகும்போது இன்சூரன்ஸ் ஒன்று எடுத்து வைப்பது நல்லது என்று புத்தி சொல்லிவிட்டுத்தான் போனான்.

எட்டாவது மாடிக்குப் போவதென்று முடிவாயிற்று. கமலவேணி தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, முனியாண்டியோடு பஸ் ஏறினாள். மின்தூக்கி நின்றிருந்ததால் படியேறினார்கள். மூச்சு வாங்க அவர்கள் போய் நின்றபோது டாக்டர் பால்ராஜ் எழுந்து கை குவித்தார். அட்டைப் படத்தின் சொந்தக்காரியை நேரில் பார்ப்பதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அவள் போணி என்றால் என்ன என்று சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் ஒளி கூடிக்கொண்டே போனது. பாதியில் நிறுத்தி, வாரியத்தின் எல்லா அதிகாரிகளையும் கூட்ட மண்டபத்துக்கு வரச் சொன்னார். கமலவேணிக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். தப்பு நடந்துவிட்டது என்று இப்போது எல்லோருக்கும் முன்னால் சொல்லப்போகிறார் என்று அவள் நம்பினாள். முனியாண்டி தலையைக்கூட வாரிக்கொண்டார்.

"நண்பர்களே," என்று தொடங்கினார் டாக்டர் பால்ராஜ். "இந்த அம்மா காலையில் முதல் தோசையை முப்பது காசுக்கு விற்கிறார். மிச்சத் தோசைகளை அறுபதுக்கு விற்கிறார். படிக்காதவன் இதைப் பார்த்து விலைவாசி இரண்டு மடங்காகிவிட்டது என்று அழுவான். நாம் என்ன பார்க்கிறோம்? விலை முப்பது. முப்பதுக்கு மேலே இருக்கிற முப்பதுதான் வளர்ச்சி. இத்தனை வருஷம் நாம் தேடிய விடை ஒரே வாளி மாவில் இருந்திருக்கிறது. ஏழை நாடுகள் ஏன் முன்னேறவில்லை தெரியுமா? அவர்கள் விலையேற்றத்தைப் பார்த்த உடனே விலையேற்றம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த அவசரம்தான் அவர்களைக் கெடுத்தது."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. புவனேந்திரன் எழுந்து நின்று தட்டினான். என்ன நடக்கிறதென்று தெரியாமல், சபை மரியாதைக்குக் கமலவேணியும் தட்டினாள்.

முனியாண்டி எழுந்தார்.

"அப்ப எங்க சம்பளம் சார்?"

"நல்ல கேள்வி," என்றார் டாக்டர் பால்ராஜ், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "உங்க சம்பளம் ஏறினா என்னா ஆகும்? நீங்க இன்னும் ரெண்டு தோசை சாப்பிடுவீங்க. தோசைக்கு கிராக்கி வரும், முதல் தோசையும் ஏறிடும். அது ஏறிட்டா விலைவாசி ஏறிட்டதா அர்த்தம். விலைவாசி ஏறின ஊர்ல உங்க சம்பளத்துக்கு மதிப்பு ஏது? அதனால உங்க சம்பளத்தோட மதிப்பக் காப்பாத்தத்தான் அத ஏத்தாம வச்சிருக்கோம். நாட்டுக்காகச் சில பேர் முப்பதுலயே நிக்கணும்ண்ணே. எல்லாரும் வளந்துட்டா எங்கேர்ந்து வளந்தோம்னு அளக்க முடியாதுல்ல."

இந்த இடத்தில் வாரியத்தின் சட்ட அதிகாரி தொண்டையைச் செருமினார். ஒரே சாமானை இரண்டு விலைக்கு விற்பது கொள்ளை லாபக் குற்றம் என்று ஞாபகப்படுத்தினார். இந்த அம்மாவே எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே அவர் ஒரு விலையைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது என்று போட்டால் மாநிலத்தின் முன்மாதிரி வியாபாரி என்கிற விருதும் கடைக்குப் புதுத் தகரமும் கிடைக்கும், மற்றத் தோசைகளின் அறுபதை வாரியம் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். அறுபது என்று போட்டால் இத்தனை காலம் அதிகாரியிடம் பொய் விலை காட்டியதாகிவிடும், லைசென்ஸ் போய்விடும்.

அந்த ஒட்டுக்கடையைத் தவிர கமலவேணிக்கென்று உலகத்தில் வேறெதுவும் இல்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், புருஷன் மழைக்குச் சொந்தம். கல் ஒன்றுதான் அவளுக்குச் சொந்தம். முப்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் அது மிஞ்சும், கூடவே புதுத் தகரமும். ஆனால் அந்த முப்பதோடு அவள் குழாயடிக்குப் போக வேண்டும், தம்புசாமிக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.

"அறுவதுன்னு போட்டா தோட்டத்துல சம்பளம் ஏறுமா சார்?" என்று கேட்டாள்.

"பரிசீலிக்கப்படும்," என்றார் டாக்டர் பால்ராஜ்.

அவள் முனியாண்டியைப் பார்த்தாள். போடாதே தங்கச்சி, கடை போய்விடும் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தின் சம்பளம் ஒரு பக்கம், ஒருத்தியின் தோசைக்கல் ஒரு பக்கம் என்று வந்தால் சங்கத்துச் செயலாளர் வேறெங்கே பார்ப்பார்.

கமலவேணி அறுபது என்று போட்டாள். கையெழுத்து வராது, கைநாட்டுத்தான். விரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வாரியத்தில் எதற்கும் தாமதம் உண்டு, இதற்கு இல்லை. மறுநாளே லாரி வந்தது. லைசென்ஸை வாங்கிக்கொண்டு, தோசைக்கல்லைச் சாட்சிப் பொருள் என்று தூக்கிப் போனார்கள். கல் சூடாக இருந்ததால் அதைப் பிடிக்க அவளிடமே கந்தல் துணி கேட்டார்கள். அவள் கொடுத்தாள். பலகையும் நாலு கம்பும் மட்டும் நின்றன.

பிறகு வாரியம் சொன்ன சொல் தவறாமல் பரிசீலித்தது. மூன்று நிபுணர்கள் கொண்ட குழு உட்கார்ந்து, அறுபது காசு என்கிற விலையை ஏற்க முடியாது என்று கண்டது. ஏனென்றால் அந்த விலையில் கள அதிகாரி யாரும் தோசை வாங்கியதில்லை. இனி வாங்கவும் முடியாது, கடை மூடிக் கிடக்கிறது. ஆகவே கடைசியாக மறுக்கப்படாத விலையான முப்பதே செல்லும். தோட்டத்துக்குச் சம்பள உயர்வு இல்லை.

அந்த வருஷக் கடைசியில் நாட்டு நாணயமான வெள்ளியின் மதிப்பு விழுந்தது. மாவு, எண்ணெய், சீனி என்று எல்லாம் வாலில் தீப்பிடித்தது மாதிரி ஓடின. வாரியம் உடனே கூடி, தன் ஊழியர்களுக்கு விலைவாசிப் படி கொடுக்கத் தீர்மானித்தது. ஊழியர்கள் மலாக்கா டவுனில் வசிக்கிறார்கள், டவுனில் வாரியம் ஆய்வு நடத்தவில்லை, ஆகவே அங்கே விலை ஏறியிருக்க வாய்ப்புண்டு என்று தீர்மானத்தில் காரணமும் எழுதியிருந்தார்கள்.

கமலவேணி தோட்டத்துச் செம்பனைக் காட்டில் எண்ணெய்க்கான உதிரிப் பழம் பொறுக்கப் போனாள். ஏறாத அந்தச் சம்பளத்துக்குத்தான். கடையைக் கொடுத்தது தோட்டத்துக்காக என்று லயத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கொடுத்தும் சம்பளம் ஏறவில்லையே, பின்னே அது என்ன கொடுத்தது என்றார்கள். தோசைக்கு ஆள் இல்லாத ஊராகப் போயிற்றென்று முனியாண்டியின் மனைவி மலர்க்கொடி வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்தாள். தோசை எண்பது காசு. போணிக்கும் எண்பதுதான், அதில் அவள் வெகு கண்டிப்பு. கமலவேணியிடமிருந்து ஊர் படித்த பாடம் அது ஒன்றுதான். தம்புசாமியும் இரண்டொரு நாள் அங்கே வாங்கித் தின்றான்.

காலி ஒட்டுக்கடைக்குப் புவனேந்திரன் இன்னும் முதல் தேதிதோறும் வருகிறான் என்பது ஒருநாள் தற்செயலாக அவள் காதில் விழுந்தது. நம்பாமல், மறு மாதம் முதல் தேதி, பழம் பொறுக்கும் கூடையோடு விடியற்காலையில் போய்க் கம்பு ஓரமாக நின்றாள். சொன்னபடியே மோட்டார் வந்தது. அவன் இறங்கி, தூசி படிந்த பலகையை ஊதிவிட்டு, மூன்று பத்துக் காசை வரிசையாக வைத்தான். கை கட்டிக்கொண்டு சற்று நின்றான். பலகை மறுக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

கமலவேணி முன்னால் வந்தாள். பலகைக்குப் பின்னால், தான் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். அடுப்பு இல்லை, கல் இல்லை, முருகன் படம்கூட இல்லை. பிறந்ததிலிருந்து எந்தப் போணியையும் திருப்பாதவள், அன்று மூன்று காசையும் விரலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"வேணாம் சார். இந்த வெல எனக்குக் கட்டாது. எடுத்துக்குங்க."

புவனேந்திரனுக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. கெட்டவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது.

"நீங்க மறுக்க முடியாதே அக்கா," என்றான் இதமாக. "லைசென்ஸ் உள்ளவங்க மறுத்தாத்தான் செல்லும். உங்களுக்குத்தான் லைசென்ஸ் இல்லையே."

அவன் முப்பது என்று எழுதி, கீழே கோடு போட்டு, பேனாவை மூடினான். பிறகு மூன்று காசையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வாரியத்தில் சிக்கன நடவடிக்கை, அடுத்த மாதத்துக்கும் இதே காசுதான் என்று விளக்கம் சொன்னான். மோட்டாரை உதைக்கப் போனவன், வயிற்றைத் தடவிக்கொண்டு திரும்பினான்.

"அக்கா, இந்தப் பக்கம் நல்ல தோசை எங்க கிடைக்கும்? தம்பின்ல தொண்ணூறு காசு வாங்குறான்லா. ரொம்ப அநியாயம்."

கமலவேணி மலர்க்கொடி வீட்டுக்கு வழி காட்டினாள்.

அந்த மாதமும் புலாவ் செபாங்கில் விலைவாசி ஏறவில்லை.